ஆறு வார வெளிநாட்டு வேலை: டிக்கெட்டும் ரூமும் யார் தலையில்?

கேள்வி இதுதான்: சேலத்தில் இருந்துகொண்டு பிஎல்சி புரோகிராமிங் (மெஷினை இயக்கும் கன்ட்ரோலருக்குக் கட்டளை எழுதுவது), மெஷின் கமிஷனிங் (புது மெஷினை ஓட வைத்து ஒப்படைப்பது) வேலைகளைத் தனியாளாக எடுத்துச் செய்யும் ஒருவரை, ஜெர்மனியில் ஒரு பேக்கிங் லைனுக்கு ஆறு வாரம் வரச் சொல்கிறார்கள். "டிக்கெட், ரூம் எல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார் வாடிக்கையாளர். முதல் தடவை. எங்கெல்லாம் மாட்டுவேன் என்று கேட்கிறார்.

"கடைசியில் பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு வரியில்தான் பாதி வம்பு இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு விமானம் ரத்தானால், ரூம் சரியில்லை என்றால், ஒரு போன் போட கம்பெனியில் டிராவல் டெஸ்க் இருக்கும். உங்களுக்கு அது கிடையாது. கிளம்பும் முன் வேலை ஆணையில் என்ன எழுதி வாங்கினீர்களோ அதுதான் உங்கள் டிராவல் டெஸ்க். எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் உங்கள் பையிலிருந்து போகும்.

முதலில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். ரூம் ஒரு இரவுக்கு 75 யூரோ என்று வைத்தால் 42 இரவுக்கு 3,150 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று உருட்டிக் கணக்குப் போட்டாலே 3,15,000 ரூபாய். விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், சாப்பாடு, உள்ளூர் ரயில் எல்லாம் சேர்ந்தால் ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். நீங்கள் பில் போடுவது வேலை முடிந்த பிறகு. அதற்கு மேல் 30 நாளோ 45 நாளோ தவணை. ஆக, ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு மூன்று மாதம் வட்டியில்லாமல் ஐந்து லட்சம் கைமாற்று கொடுத்தவர் ஆகிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அப்படி யாராவது கொடுப்பார்களா?

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு உண்டு. ஒன்று கார்டு. நம் ஊர் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். மேலே சொன்ன ரூம் வாடகைக்கு மட்டும் 13,000 ரூபாய். இதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. இரண்டாவது வருமான வரி. 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் திட்டத்தில் (தனியாகத் தொழில் செய்பவர்களுக்கான சுருக்கக் கணக்கு முறை) கணக்குக் கொடுப்பவர் என்றால், மொத்த வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். கூலி 12 லட்சம், பயணச் செலவு 5 லட்சம், இரண்டையும் ஒரே பில்லில் 17 லட்சம் என்று போட்டால் வரிக்கான வருமானம் ஆறு லட்சத்துக்குப் பதில் எட்டரை லட்சமாக ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. ஹோட்டலுக்குக் கொடுத்த காசுக்கு நீங்கள் வரி கட்டுவதாகிவிடும். பயணச் செலவைத் தனி டெபிட் நோட்டாக (செலவைத் திருப்பிக் கேட்கும் சீட்டாக), அசல் ரசீதுகளோடு அனுப்புவது எப்படி என்று உங்கள் ஆடிட்டரிடம் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் பில்லைத் திருத்துவது பெரும்பாடு.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி: டிக்கெட்டும் ரூமும் உங்கள் பெயரில், அவர்கள் செலவில், அவர்களே போட்டுத் தரட்டும் என்று கேளுங்கள். ஒழுங்கான கம்பெனிக்கு இது பெரிய வேலையே இல்லை, அவர்களிடம் ஏற்கெனவே ஹோட்டல் ஒப்பந்தம் இருக்கும். மறுத்தால், கணக்கிட்ட பயணச் செலவு முழுவதும் முன்பணமாக உங்கள் வங்கியில் வந்த பிறகுதான் டிக்கெட் என்று சொல்லுங்கள். இதற்குக்கூட முகம் சுளிப்பவர் கடைசிப் பில்லுக்கு இன்னும் சுளிப்பார்.

வேலை ஆணையில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சைட் தயாராகாமல் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நாளுக்கு என்ன கூலி? (முழுக் கூலி கேட்டு, குறைந்தது பாதிக்காவது ஒத்துக்கொள்ள வையுங்கள்.) கமிஷனிங் வேலையில் தேதி தள்ளிப்போவதுதான் வழக்கம். பேனல் வரவில்லை, காற்று லைன் போடவில்லை, மெக்கானிக்கல் ஆள் இன்னும் போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நாலு நாள் போய்விடும். அவர்கள் தேதியை மாற்றினால் டிக்கெட் மாற்றும் கட்டணமும் விலை வித்தியாசமும் அவர்களுடையது. வேலை நீண்டால் ரூமை நீட்டிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. விமானம் தாமதமாகி ஒரு நாள் பிந்தி வந்தால் உங்களுக்கு அபராதம் கிடையாது. பயண நாளுக்குக் கூலி உண்டா, எவ்வளவு? சாப்பாட்டுக்கு ரசீது கேட்பார்களா, தினப்படியா? ஜெர்மனிக்குள் வேலையாகப் போகிறவர்களுக்கு அந்த நாட்டு வரி விதிப்படி முழு நாள் சாப்பாட்டுப் படி 28 யூரோ, போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் 14 யூரோ. பேரத்தில் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் பழகிய எண். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்துக்கு ஒரு ஆள் பெயரும் மொபைல் எண்ணும் வேண்டும். ஞாயிறு இரவு 11 மணிக்குப் பூட்டிய கதவின் முன் நிற்கும்போது பர்சேஸ் மேனேஜரின் இமெயில் முகவரி உதவாது.

அடுத்தது விசா. ரூமைவிட இதுதான் முன்னால் வர வேண்டும். மீட்டிங், பேச்சுவார்த்தை, பார்வையிடல் இவற்றுக்குப் போவது வேறு. மெஷினில் கை வைத்து வேலை செய்வது வேறு. பிசினஸ் விசாவில் இரண்டாவதற்கு இடம் உண்டா என்பது நாட்டுக்கு நாடு, வேலைக்கு வேலை மாறும். அழைப்புக் கடிதத்தில் என்ன வேலை என்பதை உள்ளபடி எழுதச் சொல்லி, தூதரகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "மீட்டிங் என்று போட்டுவிடலாம் சார், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று ஏஜென்ட் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பையில் கிரிம்பிங் டூலும் பாதுகாப்பு ஷூவும் வைத்துக்கொண்டு மீட்டிங்குக்கு வந்தேன் என்று ஃபிராங்க்பர்ட் இமிகிரேஷனில் சொல்ல முடியாது.

ஷெங்கன் (ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான) குறுகிய கால விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. கூடுதல் ஆய்வு என்றால் 45 நாள் வரை இழுக்கும். மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். அதற்கு இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூமைப் போடுங்கள், பணம் கட்டிவிட வேண்டாம். விசா வந்த கையோடு அதை ரத்து செய்துவிட்டுத் தெரு ஓரம் படுக்கலாம் என்று அர்த்தமில்லை. எல்லையில் மறுபடி கேட்பார்கள், அப்போது கையில் உண்மையான முகவரி இருக்க வேண்டும்.

நாள் கணக்கில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் ஷெங்கன் நாடுகளில் 90 நாள்தான் தங்கலாம். வந்த நாளும் போகும் நாளும் இரண்டும் கணக்கில் சேரும். உதாரணத்துக்கு, மார்ச் 2 முதல் ஏப்ரல் 12 வரை முதல் நடை: 42 நாள். மறுபடி ஜூன் 1 முதல் ஜூலை 12 வரை: இன்னொரு 42. மொத்தம் 84. "இன்னும் பத்து நாள் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சைட்டில் கேட்டால், ஜூலை 18-ஆம் தேதிக்குள் நீங்கள் கிளம்பியாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தங்குவதற்கு அடுத்த ஒரு நாள் கிடைப்பது ஆகஸ்ட் 29-இல்தான், மார்ச் 2 அந்த 180 நாளிலிருந்து கழன்ற பிறகு. முன்பு பாஸ்போர்ட் முத்திரையை அதிகாரி விரல் விட்டு எண்ணினார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய எல்லைப் பதிவு முறையில் விரல் ரேகையோடு கம்ப்யூட்டரே எண்ணுகிறது. அதோடு, விசா ஸ்டிக்கரில் நாட்கள் என்ற இடத்தில் 90-க்குக் குறைவான எண் அச்சாகியிருக்கலாம், அப்போது அதுதான் உங்கள் அளவு. அழைப்புக் கடிதத்தில் ஆறு வாரம் என்று எழுதாமல் எட்டு வாரம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை நுழைவு விசா வேண்டாம், பலமுறை நுழைவு கேளுங்கள்.

சேலத்திலிருந்து விமானத்துக்குப் போகும் பாதை. இங்கிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் ஏறத்தாழ 245 கிலோமீட்டர். காகிதத்தில் ஐந்து மணி நேரம். ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். சாயங்காலம் ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குள் நுழைந்தால் ஊர்ந்துதான் போக வேண்டும். பெங்களூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14-ஆம் தேதி 02:30 என்று இருந்தால் நீங்கள் சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி மதியம் 3 மணி. 14-ஆம் தேதி ராத்திரி என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் பிந்திப் போனவர்கள் உண்டு, அந்த டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பாது. பஸ்ஸில் போகிறவர்கள் பெங்களூர் மையப் பஸ் நிலையமான மெஜஸ்டிக் வரை போக வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கினால் விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா கேஐஏ-8 பஸ் இருக்கிறது. மெஜஸ்டிக்கிலிருந்து என்றால் கேஐஏ-9.

சேலத்துக்கென்றே காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றும். சின்ன ஏடிஆர் விமானம், நேரமும் நாளும் அடிக்கடி மாறும். அதைவிட முக்கியம், சேலம்–பெங்களூர் டிக்கெட்டையும் பெங்களூர்–ஃபிராங்க்பர்ட் டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது கம்பெனி உங்களை "வரவில்லை" என்று எழுதி, திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடும். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் மட்டுமே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு பகல் இடைவெளி விடுங்கள். உள்நாட்டு விமானம் முதல் டெர்மினலில் இறக்கிவிட்டால், வெளிநாட்டு விமானம் இரண்டாவது டெர்மினல். பையை எடுத்துக்கொண்டு ஷட்டில் பிடித்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பனிக்காலத்தில் பெங்களூரில் விடிகாலைப் பனிமூட்டத்தால் விமானங்கள் தாமதமாவதும் சாதாரணம். சென்னை வழி என்றால் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்கலாம். தூங்கிக்கொண்டே போகலாம், கணவாய்க் கவலை கிடையாது. மதியத்துக்கு மேல் விமானம் என்றால் அதுவே உத்தமம். வளைகுடா, சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பெங்களூரைப் பிடித்துத் தொங்காமல் திருச்சியையும் கோவையையும் பார்க்கலாம்.

விமானம் சொதப்பினால் உங்களுக்கு என்ன உரிமை என்பது எங்கிருந்து எந்த நிறுவனத்தில் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, அங்கிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் பொருந்தும், நிறுவனம் எந்த நாட்டுடையதானாலும். அங்கே போகும் விமானத்துக்கு, அது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும் பொருந்தும். அதாவது துபாய் வழி வளைகுடா நிறுவனத்தில் போகும்போது பெங்களூரில் தாமதமானால் இந்த விதி கிடையாது. அதே டிக்கெட்டில் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து திரும்பும்போது துபாயில் இணைப்பைத் தவறவிட்டு பெங்களூருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்தால், ஒரே பதிவாக இருக்கும் பட்சத்தில், 600 யூரோ கேட்கலாம். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு அதுதான் தொகை. மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட தாமதம் என்றால் பாதியாகக் குறைக்கலாம். புயல், விமானக் கட்டுப்பாட்டு அறை வேலைநிறுத்தம் போன்ற காரணங்களுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆனால் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் எந்தக் காரணத்துக்கும் கொடுத்தே ஆக வேண்டும். கவுன்டரில் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும். ஹோட்டல் தரவில்லை என்றால் சுமாரான ரூம் ஒன்றை நீங்களே போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் திரும்ப வராது.

இந்தியாவிலிருந்து கிளம்பும்போது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தில் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய்; அதற்கு மேல் ஆனால் நாலு மடங்கு, 20,000 ரூபாய் வரை. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் தர வேண்டும். பெங்களூர் நடுராத்திரி விமானங்களுக்கு இது நேராகப் பொருந்துவதால் நினைவில் வையுங்கள். எங்கே சிக்கினாலும் மூன்று ஆதாரம் எடுங்கள்: அறிவிப்புப் பலகையின் படம், போர்டிங் பாஸ், தாமதக் காரணம் எழுதிய மெசேஜ்.

கருவிப் பை. ஆறு வார வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. லேப்டாப், புரோகிராமிங் கேபிள், லைசென்ஸ் டாங்கிள் (சாஃப்ட்வேரைத் திறக்கும் யுஎஸ்பி சாவி), பேக்கப் ஹார்ட் டிஸ்க் இவை கைப்பையில். ஸ்குரூடிரைவர், கட்டர், கிரிம்பிங் டூல் செக்-இன்னில், ஏனென்றால் கைப்பையில் போட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரியும் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை கேள்வியில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவன அனுமதி வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, பயமில்லை. விலை உயர்ந்த மீட்டர், ஆஸிலோஸ்கோப் எடுத்துப் போனால் கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்பார்கள். பெட்டி பெட்டியாகக் கருவி போகிறது என்றால் எஃப்ஐசிசிஐ என்ற வணிகக் கூட்டமைப்பு தரும் ஏடிஏ கார்னெட் (கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்கத் தாள்) எடுக்க வேண்டும்.

பை வரவில்லை என்றால், பெல்ட் நின்ற பிறகும் வரவில்லை என்றால், வெளியே வந்துவிடாதீர்கள். சுங்கம் தாண்டுவதற்கு முன்பே பேக்கேஜ் கவுன்டரில் பிஐஆர் என்ற புகார்ப் படிவம் போட்டு, எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடம் கொண்ட குறிப்பு எண் வாங்க வேண்டும். விலாசம் கேட்பார்கள், அங்கே ரூம் விலாசத்தை எழுதாமல் சைட் விலாசத்தையும் பெற்றுக்கொள்ளும் ஆள் பெயரையும் எழுதுங்கள், பகலில் ரூமில் யாரும் இருக்க மாட்டீர்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பை உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். உச்ச இழப்பீடு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். கருவிகள் அதற்கு மேல் என்றால் தனி இன்சூரன்ஸ் போட வேண்டியதுதான்.

இனி ரூம். ஜெர்மனியில் ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, மோன்ட்டூர்ட்சிம்மர் என்பார்கள். நம்மைப் போல மெஷின் ஏற்ற வரும் ஃபிட்டர்களுக்கென்றே வாடகைக்கு விடும் அறை, பெரும்பாலும் சமையல் அடுப்போடு. தொழிற்பேட்டைகளைச் சுற்றி நிறைய இருக்கும், ஹோட்டலைவிட மலிவு. ஆறு வாரம் ரொட்டியும் சீஸும் தின்ன முடியாதவர்களுக்கு இதுவே சரி. போடும் முன் மேப்பில் ஒரு சோதனை செய்யுங்கள்: திங்கட்கிழமை காலை 5:15-க்கு ரூமிலிருந்து சைட்டுக்கு பஸ் இருக்கிறதா? ஞாயிறு? சைட்டில் ஆறு மணி ஷிஃப்ட் என்பது சகஜம், கிராமத்துக்கு முதல் பஸ் 6:40 என்பதும் சகஜம். பகல் நேரத்தில் பார்த்து "15 நிமிடம்தான்" என்று போட்டுவிட்டு, தினமும் டாக்ஸிக்கு அழுதவர்கள் ஏராளம். தேதியையும் பாருங்கள்: ஏப்ரலில் ஹானோவர் தொழில் கண்காட்சி நடக்கும் வாரத்தில் அந்த வட்டாரத்தில் அறை விலை பல மடங்கு ஏறும், கிடைப்பதே கஷ்டம்.

சின்ன விடுதிகளில் ரிசப்ஷன் இரவு முழுக்க இருக்காது. சாவி ஒரு நம்பர் பெட்டியில் இருக்கும், எண்ணை முன்கூட்டியே வாங்க வேண்டும். பிந்தி வந்தால் "வரவில்லை" என்று எழுதி முழுக் காசையும் எடுத்துக்கொண்டு ரூமை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள், ஆகவே விமானம் தாமதமானதும் முதல் மெசேஜ் வீட்டுக்கு அல்ல, விடுதிக்கு. சனி, ஞாயிறு வந்து சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், அரிசி வாங்கக்கூட முடியாது. ரயிலில் போகும்போது குறிப்பிட்ட வண்டிக்கான மலிவு டிக்கெட் எடுத்திருந்தாலும், சேரும் இடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால் அடுத்த வண்டியில் ஏறலாம். 60 நிமிடம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதமும் 120 நிமிடம் பிந்தினால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்.

செக்-இன் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கார்டு கேட்பார்கள். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அவர்களோ பதிவு மட்டும் செய்திருப்பார்கள். 3,150 யூரோவும் கூடுதல் செலவுக்கு 200 யூரோவும் உங்கள் கார்டில் பிடித்து வைக்கப்படும். மூன்றரை லட்சம் லிமிட் உள்ள கார்டு அங்கேயே காலி. மறுநாள் ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் "நிராகரிக்கப்பட்டது". டெபிட் கார்டைக் கொடுத்தால் இன்னும் மோசம், உங்கள் கணக்கில் இருக்கும் சொந்தப் பணமே முடங்கும், நீங்கள் ரூமைக் காலி செய்த பிறகும் விடுபட ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதனால் பதிவு உறுதிக் கடிதத்தில் "ரூம், காலைச் சாப்பாடு, ஊர் வரி அனைத்தும் நிறுவனம் கட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். மெஷினில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மோசமான விகிதம். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கிருந்தே ஆன் செய்துவிட்டுப் போங்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி அது தானாகத் திறந்திருக்காது. ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுவிட்டு இதைக் கழற்றினால் கார்டு வெறும் பிளாஸ்டிக். இரண்டு வங்கியின் கார்டு, ஒரு ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணம் ஏற்றியது), 300 யூரோ நோட்டாக. நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் அளவுக்கு மேல் இங்கே வாங்க முடியாது.

ரூமுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் வீடியோ எடுங்கள்: சுவர், மெத்தை, அடுப்பு, குளியலறை, ஏற்கெனவே உடைந்த பொருள்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை, பூஞ்சை நாற்றம் என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விடுதிக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே மெசேஜாகப் படத்தோடு அனுப்புங்கள். மூன்று நாள் தங்கிவிட்டுச் சொன்னால் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முன்பணத்தை முன்பின் தெரியாதவருக்கு நேரடி வங்கி மாற்றலாக அனுப்பாதீர்கள். "பதிவுத் தளத்துக்கு வெளியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி" என்று வரும் மெசேஜ் பெரும்பாலும் மோசடி. கொடுத்த சாவியைத் தொலைக்காதீர்கள். கட்டடம் முழுக்க ஒரே பூட்டுத் தொகுப்பாக இருந்தால் அத்தனை பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் மேல் விழும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த மிளகாயும் கடுகும் வெடிக்கும் புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால், அதற்கும் பில் வரலாம்.

இன்சூரன்ஸ் தாளில் ஒரு வரியை மட்டும் தேடுங்கள்: உடலுழைப்பு வேலையின்போது ஏற்படும் காயம் விலக்கு என்று இருக்கிறதா? சுற்றுலா பாலிசிகளில் பெரும்பாலும் இருக்கும். விசாவுக்கு அது போதும், கன்வேயரில் கை மாட்டினால் போதாது. பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் அறிக்கை, பிறகு இந்தியத் தூதரகம். அவசரச் சான்று கொடுப்பார்கள், அதில் இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் முடியும். தூதரகம் பெர்லினில், துணைத் தூதரகங்கள் ஃபிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க்கில்.

வளைகுடாவுக்கு இதே போன்ற அழைப்பு வந்தால் கணக்கு வேறு. ரூம் அவர்களே தருவார்கள், ஆனால் எத்தனை பேருக்கு ஒரு அறை என்பதை எழுத்தில் கேளுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது யுஏஇ-யில் குற்றம், நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவை) முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போக அரசின் இ-மைக்ரேட் தளத்தின் அனுமதி கட்டாயம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளியிடம் சண்டை போடாமல் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளத்தில் புகார் போடுங்கள். 

கடைசியாகப் பையில் வைக்கும் சாப்பாடு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அரிசி, தட்டுவடை தாராளமாகப் போகும். நெய், பால்கோவா கூடாது; கருவாடு தவிர மற்ற இறைச்சி வகை எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் தடை. பழத்தில் அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை இவ்வைந்துக்கு மட்டும் சான்று வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். சைட் மேனேஜருக்குக் கொடுக்கலாம் என்று நம் ஊர் மல்கோவாவை ஒரு பெட்டி கட்டினால் ஃபிராங்க்பர்ட் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான், நிழலில் உலர்த்திப் பொடியில் அரைத்துக்கொண்டு போங்கள்.